வெர்னிட்டா மைக்குக்கு வந்து சேரும் வரை

"அது இல்ல லெம், நீ எப்பவும் வாசிப்பியே, அது..."

"எப்பவும் வாசிக்கிறதுன்னா எது? பாடிக் காட்டு..."

"நான் பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வாசிக்கிறது..."

"அதைத்தான், அதையேதான் பாடிக் காட்டுங்கறேன்..."

"வாசிக்கிறவன் நீ, என்னைப் போய்ப் பாடிக் காட்டுன்னா? பத்தொம்பது வருஷமா வாசிக்கிற. உன் கைக்கே தெரியும்!"

"என் கைக்குத் தெரியும். உன் காதுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஹாலிஸ் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தான். இவர்கள் இரண்டு பேரும் மோதிக்கொள்ளும்போது கூரையைப் பார்ப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று அவன் பல வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐடெல்லாவின் குரல் ஒலிபெருக்கி வழியாக வந்தது. "பேபிங்களா, டேப் ஓடிட்டிருக்கு. நீங்க பேசறதெல்லாம் ஏறுது."

"ஏறட்டும். நான் செத்த பிறகு போட்டுக் கேளுங்க. இவன்தான் கொன்னான்னு சாட்சி இருக்கும்" என்றாள் வெர்னிட்டா.

டேப் நின்றது.

வடக்கு பிலடெல்பியாவில், ஒரு கம்பளக் கடையின் இரண்டாவது மாடியில் இருந்தது ஐடெல்லாவின் ஒலிப்பதிவு அறை. கடையில் மிஞ்சிய துண்டுக் கம்பளங்களையெல்லாம் சுவர் முழுக்க ஆணி அடித்து வைத்திருந்தாள். ஒரு சுவரில் பச்சைப் பூ, ஒரு சுவரில் குதிரை, லெம் உட்கார்ந்திருந்த மூலையில் ஏதோ ஒரு சர்ச்சுக்கு நெய்து அவர்கள் வாங்காமல் விட்ட சிலுவை. அந்தச் சிலுவைக்குக் கீழே லெமுவலின் ஆர்கன். ஸ்பைவி பாரிலிருந்து நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்து, இறக்கி வைக்கும்போது சொன்ன வார்த்தைகளை அந்தச் சிலுவையே கேட்டிருக்கக் கூடாது. அதே நான்கு பேர் இன்று நான்கு மணிக்குத் திரும்ப வருவார்கள். ஆர்கன் போய்விடும்.

வெர்னிட்டாவுக்கு வயது நாற்பத்தொன்பது. வார நாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். சனிக்கிழமை மதியத்தில் ஸ்பைவி பாரில் பாடுகிறாள். வசந்த விடுமுறையில் பள்ளிக்கூடம் மூடியிருக்கும் வாரம் என்று பார்த்துத்தான் இந்த மூன்று நாட்களையும் பிடித்திருந்தார்கள். அவளுடைய முதல் இசைத்தட்டு. பத்துப் பாட்டு. எட்டு, எல்லோரும் பாடிப் பாடி மெருகேறிய பழைய பாட்டுகள். ஒன்பதாவது, அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளைப் பற்றி அவளே எழுதிய குட்டிப் பாட்டு, நேற்று முடிந்தது. பத்தாவதுதான் இது. 'எனக்கென்று ஒரு ஜன்னல்.' தட்டுக்கும் அதுதான் பெயர்.

மற்ற ஒன்பதும் இல்லாமல் இது ஒன்று மட்டும் இருந்தாலும் போதும் என்றுகூட அவள் நினைத்ததுண்டு. "அடுத்தவங்க பாட்டை அழகாப் பாடுவா" என்று சொல்லிச் சொல்லியே ஊர் பத்தொன்பது வருஷத்தை ஓட்டிவிட்டது. பாராட்டுத்தான். ஆனால், வாடகை வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று சொல்வதுபோல ஒரு பாராட்டு. இந்த மெட்டு அவளுக்கு மட்டும் கிடைத்தது. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, காலிப் பேருந்தைப் பணிமனைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது தானாக வாயில் வந்து உட்கார்ந்தது. மறக்கக் கூடாதே என்று சிவப்பு விளக்கு விழும் இடமெல்லாம் வார்த்தை சேர்த்தாள். ஒரு வருஷம் ஆயிற்று.

"சரி, சண்டை வேணாம்" என்றாள். "நாலு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. உனக்கு என்ன தோணுதோ அதை வாசி. நான் உள்ளே வர்றேன்."

லெம் நகரவில்லை. அறுபதை நெருங்குகிற, நெடுநெடுவென்ற மனிதன். இடுப்பு வலியால் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே உட்காருவான். மூன்று நாளாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். காலையில், தட்டின் அட்டைக்கு மாதிரிப் பிரதி அச்சாகி வந்திருக்கிறது என்று ஐடெல்லா மேஜைமேல் விரித்து வைத்தபோது, எல்லோரையும்போல அவனும் காபிக் கோப்பையோடு போய்ப் பார்த்தான். வெர்னிட்டாவின் படம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான். அதற்குப் பிறகுதான் இந்த முகம்.

"நிட்டா, ஒண்ணு செய். உன் பாட்டோட முதல் வரியைப் பாடு. வார்த்தை வேணாம், மெட்டு மட்டும்."

"எதுக்கு?"

"பாடேன். கேட்டுட்டு வாசிக்கிறேன்."

அவள் பாடினாள். 'எல்லார் வீட்டிலும் விளக்கேற்றி வைத்தேன்' என்ற வரி. வெறும் மெட்டாக, நிதானமாக இறங்கி, ஓரிடத்தில் நின்று, பிறகு இரண்டு சின்னத் துள்ளல். பாடி முடித்ததும் லெம் வலது கையை மட்டும் எடுத்துக் கட்டைகள்மேல் வைத்தான்.

அதே மெட்டு. ஆனால் பேருந்தில் கிடைத்ததுபோல இல்லை. பழைய சட்டைபோல, முழங்கைப் பக்கம் தொளதொளத்து, வாசிப்பவனுடைய உடம்புக்குப் பழகின மெட்டு.

"இதுதான் நான் எப்பவும் வாசிக்கிறது" என்றான் லெம்.

வெர்னிட்டா ஹாலிஸைப் பார்த்தாள். ஹாலிஸ் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹாலிஸ். என்னைப் பாரு. உனக்குத் தெரியுமா இது?"

"ஸ்பைவில கிளாஸ் கழுவுற பொண்ணுக்கே தெரியும் மிஸ் வெர்னிட்டா. அதை முனகிக்கிட்டேதான் கழுவும்."

"பின்னே ஏன்டா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? லெம் மெட்டுக்கு நீங்க வார்த்தை போட்டிருக்கீங்க, அவரைக் கேட்டுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ரிகர்சல்ல ஆறு தடவை பாடினேனே! அப்பக்கூடவா எனக்குத் தெரியாமப் போச்சு?"

"ரிகர்சல்ல யாரு ஆரம்ப மியூசிக் வாசிக்கிறாங்க? நேரா பாட்டுக்குத்தானே போவோம்."

அது உண்மை. ஆரம்பத்தில் வாசிக்கிறதை யாரும் எழுதி வைப்பதில்லை, ஒத்திகை பார்ப்பதில்லை. பாடகி வருகிறவரை வாசிக்கிறவன் பாடு அது. வந்ததும் முடிந்துபோகும். எந்தத் தட்டின் அட்டையிலும் அதற்கென்று ஒரு வரி கிடையாது.

"நீ திருடினேன்னு நான் சொல்லல" என்றான் லெம்.

"பின்னே என்ன சொல்ற?"

"போன ஈஸ்டருக்கு உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். கீரையும் சோள ரொட்டியும் வச்சே. அடுப்பு பக்கத்துல நின்னுகிட்டு, லெம், எனக்கு ஒரு பாட்டு வந்திருக்குன்னு பாடிக் காட்டினே. ஞாபகம் இருக்கா? முள்கரண்டி என் வாய்கிட்ட வந்து அப்படியே நின்னுபோச்சு. பாடி முடிச்சதும் சொல்லப்போறா, இது உன் மெட்டுதான்டான்னு சொல்லப்போறான்னு பாத்துகிட்டே இருந்தேன். நீ எப்படி இருக்குன்னு கேட்டே."

"நல்லா இருக்குன்னியே!"

"நல்லாத்தானே இருந்துது. வேற என்ன சொல்ல? மிளகாய் சாஸை எடுன்னேன்."

ஹாலிஸுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றப் பார்த்து, இரண்டுமாக வெளியே வந்தது.

"அப்புறமும் பாத்தேன். ஒவ்வொரு ரிகர்சலுக்கும் இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு. இன்னிக்கு அட்டை வந்துது. சொல், இசை ரெண்டும் வெர்னிட்டா. அப்பத்தான் புரிஞ்சுது, நீ மறைக்கல. உனக்கு நெஜமாவே தெரியாது." அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். "மறைச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல நிட்டா."

அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. "நான் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் இருந்த பக்கம் போகாமல் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

படிக்கட்டு முனையில் ஒரு ஜன்னல். கீழே கம்பளக் கடைக்காரர் ஒரு சுருளை நடைபாதையில் விரித்து யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள்.

வெர்னிட்டா ஜன்னல் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஸ்பைவி பாரில் ஒரே ஒரு சனிக்கிழமையையாவது ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பெண்கள் அறையில் உதட்டுச் சாயம் சரிபார்த்துவிட்டுக் கதவைத் திறப்பாள். லெம் ஆரம்பித்திருப்பான். ஆரம்பித்திருப்பான் என்பது தெரிகிறது. என்ன வாசித்தான்? அவள் காதில் விழுந்ததெல்லாம் பழைய வாடிக்கையாளர் மிஸ்டர் லவெட்டின் முழங்கால் வலி, சலூன் நடத்தும் சகோதரிகள் இருவரின் புதுத் தொப்பி, சமையலறை ஜன்னலில் மீன் பொரியும் சத்தம். பத்தொன்பது வருஷம், வாரத்துக்கு ஒரு சனி, ஒரு சனிக்கு மூன்று தடவை அவள் அந்தக் கதவிலிருந்து மைக்வரை நடந்திருக்கிறாள். ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டாமா?

அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் உறைத்தது. அவள் பாடும்போது யாராவது பேசினால் வெர்னிட்டா பொறுக்கமாட்டாள். ஊருக்கே தெரியும். பாட்டை நடுவில் நிறுத்தி, மைக்கிலேயே கேட்பாள்: "மூணாவது ஸ்டூல்ல உக்காந்திருக்க மகராசா, நீ முடிச்சிட்டியா, நான் ஆரம்பிக்கலாமா?" பார் முழுக்கச் சிரிக்கும். அந்த ஆள் அதற்குப் பிறகு மூச்சுகூட மெதுவாக விடுவான். அப்படி எத்தனை பேரைக் கூனிக் குறுக வைத்திருக்கிறாள்! ஒவ்வொரு தடவையும் பின்னால் ஆர்கனில் உட்கார்ந்து லெம் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவன் வாசித்ததன்மேல் ஒரு நடை முழுக்கப் பேசிக்கொண்டே வந்தவள், மைக்கைப் பிடித்ததும் ஊருக்கு நாகரிகம் சொல்லுகிறாள்.

பாட்டை விட்டுவிடலாமா? ஒன்பது பாட்டோடு தட்டு வரும். பெயரை மாற்ற வேண்டும். படம் இருக்கும். கேட்கிறவர்கள் மறுபடி சொல்வார்கள், அடுத்தவர்கள் பாட்டை அழகாகப் பாடியிருக்கிறாள் என்று. அந்தக் காலிப் பேருந்தில் கிடைத்ததும் அடுத்தவன் பாட்டுத்தான் என்று ஆகிவிட்டதே.

கீழே அந்தப் பெண்மணி செருப்பைப் போட்டுக்கொண்டாள். கம்பளம் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

திரும்பி உள்ளே வந்தவள் நேராக ஐடெல்லாவின் அறைக்குப் போய், அட்டை மாதிரியை எடுத்து, ஐடெல்லா காதில் செருகியிருந்த பென்சிலைப் பிடுங்கி, ஒரு கோடு போட்டாள்.

"அடிப் பாவி! அது திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும்!"

"போகட்டும். இசைன்னு இருக்கிற இடத்துல லெமுவல்னு போடு. பெரிசா போடு."

"பேபி, நல்லா யோசிச்சியா? இந்தப் பாட்டுக்காகத்தானே இவ்வளவு..."

"போடுன்னேன்."

அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஆர்கன்மேல் வைத்தாள். லெம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்தான். கோணலான கோடு, அவள் படத்தின் தோள்பட்டைவரை போயிருந்தது.

"அழகா இருந்த படத்தையும் கெடுத்தே" என்றான்.

"பேசாதே. போட்டாச்சு. உன் மெட்டு, உன் பேரு. இப்ப வாசி."

"நான் பேரு கேட்டேனா?"

"வேற என்னதான்யா வேணும் உனக்கு?"

"பேரைப் போட்டுட்டா என் வாசிப்பைக் கேட்டதா ஆயிடுமா நிட்டா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுவே அந்த அறையில் புதுசாக இருந்தது. ஹாலிஸ் கூரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

லெம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். "என் மெட்டுன்னுகூட முழுசாச் சொல்ல முடியாது. உக்காரு, சொல்றேன்." வலது கை மறுபடி கட்டைகளுக்குப் போயிற்று. "நீ கதவைத் திறப்பே. இது." நிதானமாக இறங்குகிற நான்கு சுரங்கள். "குதிகால் சத்தம் கேக்கும். என்னிக்கு எந்தச் செருப்புன்னு பாக்காமலே சொல்லுவேன். அப்புறம் லவெட்டுகிட்ட நிப்பே. முழங்கால் எப்படி இருக்குன்னு கேப்பே. கேட்டா அந்த ஆளு ஒரு வார்த்தையில முடிப்பாரா? அதனால இங்க நானும் நிக்கணும்." மெட்டு நின்றது. அவள் 'வைத்தேன்' என்ற வார்த்தையைப் போட்டு இழுத்திருந்த அதே இடம். "அப்புறம் சலூன்காரிங்க ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு முத்தம். இந்தா, ஒண்ணு, ரெண்டு." இரண்டு துள்ளல். "அப்புறம் சமையல் ஜன்னல். அங்க மீன் துண்டு ஒண்ணு எடுத்துத் திம்பே. பாட வர்றவ எவளாவது மீன் தின்னுட்டு வருவாளா? சூடா இருந்தா ஊதி ஊதித் திம்பே. அதுக்கு நான் அடியில போயி, பூனை மாதிரி சுத்திச் சுத்தி வரணும்."

"அந்த இடத்துக்கு நான் 'காத்திருந்தேன் காத்திருந்தேன்'னு வார்த்தை போட்டிருக்கேன்" என்றாள் வெர்னிட்டா மெதுவாக.

"போடுவியே. காத்திருந்தவன் நான்ல." கை மேலே ஏறியது. "கையைத் தொடைச்சிப்பே. மைக்குக்கு மூணு எட்டு. இது, இது, இது. வந்துட்டே. அவ்வளவுதான். என் வேலை முடிஞ்சுது, பாட்டு ஆரம்பிச்சுது."

அவன் கையை எடுத்தான். எடுத்த பிறகும் ஆர்கன் கொஞ்சம் இரைந்துகொண்டிருந்தது.

"மொதல்ல எல்லாம் வாரத்துக்கு ஒண்ணு வாசிப்பேன். உன் நடை மாறவே மாறாது, அதனால மெட்டும் அப்படியே படிஞ்சுபோச்சு. உன்னைப் பாத்துகிட்டே செஞ்சது அது. நீ ஒருநாள் திரும்பிப் பாப்பேன்னு நெனச்சேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

சுவர்க் கடிகாரம் இரண்டேமுக்கால் காட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐடெல்லா நாடாச் சுருளை மாட்டுவதுபோல எதையோ செய்துகொண்டிருந்தாள். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்ததால் அவள் மூக்குறிஞ்சுவது இங்கே கேட்டது.

வெர்னிட்டா உட்கார்ந்த இடத்திலேயே அந்த மெட்டை ஒரு தடவை தனக்குள் ஓட்டிப் பார்த்தாள். இறக்கம். லவெட். ஒன்று, இரண்டு. மீன். மூன்று எட்டு. எல்லாம் இருந்தது. வெளியே போய்ப் பிடித்து வந்ததாக நினைத்த மெட்டு, பார்த்தால் அவளுடைய காலையே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

எழுந்தாள்.

"லெம், எழுந்திரு."

"எதுக்கு?"

"எழுந்திரு. வெளியில போ."

"இப்ப என்னடி சொல்லிட்டேன்?"

"வெளியில போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் நில்லு. நான் பாட ஆரம்பிச்சதும் திறந்துகிட்டு வா. நீ நடந்து வந்து ஆர்கன்ல உக்கார்ற வரைக்கும் நான் பாடறேன். வார்த்தை இல்லாம, இந்த மெட்டை மட்டும். நீ உக்காந்த பிறகுதான் பாட்டு."

லெம் அவளைப் பார்த்தான், ஹாலிஸைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "என் இடுப்புக்கு அங்கேருந்து இங்க வர ரெண்டு நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும்."

"வழியில மைக் ஸ்டாண்டு, வயரு எல்லாம் கிடக்கு. நான் நின்னு நின்னுதான் வருவேன்."

"நீ நிக்கிற இடத்துல நான் நிக்கிறேன்."

"தனியா ஆரம்பிக்கணும் நிட்டா. ஆர்கன் இருக்காது. சுருதி பிசகினா தாங்க ஒண்ணும் கிடையாது. பத்தொம்பது வருஷத்துல நீ ஒரு தடவைகூடத் தனியா ஆரம்பிச்சதில்ல."

"தெரியும்யா. போ."

அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான். இடது கையை ஆர்கன்மேல் ஊன்றி, இடுப்பை நிமிர்த்தி, வயர்களைத் தாண்டிக் கதவுவரை போனான். ஒவ்வோர் அடியையும் அவள் பார்த்தாள். வலது கால் நீளமாக விழுந்தது. இடது கால் இழுத்து, அரை அடி தாமதமாக வந்து சேர்ந்தது. வாசலில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு. இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

ஹாலிஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கம்பி பிரஷ்களை எடுத்தான். "நான் எப்ப சேர்ந்துக்கணும்?"

"அவன் கால் எப்ப தரையில படுதோ, அப்ப."

"எந்தக் கால்?"

"இழுக்கிற கால்."

ஐடெல்லா கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலை உயர்த்தினாள். விளக்கு சிவப்பாயிற்று. வெர்னிட்டா உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், மீன் தின்ற கையைத் துடைத்துக்கொள்வதுபோல. பிறகு கதவின்மேல் கண்ணை வைத்து, அந்த முதல் நான்கு சுரங்களை வெறும் காற்றிலிருந்து எடுத்தாள்.

கொஞ்சம் நடுங்கியது. ஆனால் பிசகவில்லை.

கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது. லெம் வாசலில் நின்றான். அவசரப்பட்டு ஒரு காலை எடுத்து வைக்கப் போனான். தன்னால் அவள் காத்திருக்கிறாளே என்ற அவசரம். ஹாலிஸின் பிரஷ் டிரம் தோல்மேல் ஒரு தடவை உரசி நின்றது. மெட்டு லவெட்டின் இடத்துக்கு வந்திருந்தது. அவள் அங்கேயே அதை நிறுத்தி, டேப் ஓடுவதைப் பற்றிக் கவலைப்படாமல் மைக்கிலேயே சொன்னாள்:

"மெதுவா வா லெம், வழியில ஹாலிஸை ஒரு வார்த்தை குசலம் விசாரிச்சிட்டே வா."